சீர் வண்டியில் திரும்பி வந்த வாஷிங் மெஷின்

கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டை விட்டு வந்தால் முதலில் பெண் வருவாள், பிறகு ஒரு நாள் சீர் சாமான் வரும், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் மட்டும் வந்திருக்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், சாமி கும்பிட வந்திருப்பாள், காய்ச்சலுக்கு வந்திருப்பாள் என்று தங்களுக்குள்ளேயே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுவார்கள். கட்டிலும் பீரோவும் லோடு ஆட்டோவில் ஏறித் தெருமுனை திரும்பும்போதுதான் ஊருக்கு விஷயம் உறுதியாகும். என் மகள் சிந்துஜாவின் சாமான்கள் ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு, நாங்கள் குடியிருக்கும் மாசிலாமணி காம்பவுண்டுக்கு வந்த அன்று எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தலையோடு வந்து நின்றது. கட்டில் இறங்கியது, கண்ணாடி உடைந்த பீரோ இறங்கியது, குத்துவிளக்கு இறங்கியது, கடைசியாகக் கயிற்றால் நாலு பக்கமும் கட்டிய வாஷிங் மெஷின், திருடனைப் பிடித்துக் கொண்டுவந்தது போல இறங்கியது.

"எல்லாத்தையும் எண்ணி வாங்கிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர் தவசி. அவர் மினி பஸ் ஓட்டுகிறார். அன்று சம்பந்தி வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தார், தொண்டை கட்டிப்போயிருந்தது. "ஒரு கரண்டியைக்கூட அவனுக்கு விடலை."

அவன் என்றது எங்கள் மாப்பிள்ளை கோகுலகண்ணனை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்காருவான், பார்க்கிறவர்களுக்கு நல்ல பிள்ளை. செல்போனைக் கொடு என்று கேட்டிருக்கிறான், சிந்துஜா முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறாள், அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் பிரித்திருக்கிறான். நாலு விரல் விட்டுவிட்டது. சுண்டுவிரல் விடவில்லை, அது ஒடிந்தது. அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம்.

வந்த புதிதில் சிந்துஜாவின் கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டுப்போட்ட கையோடு காலையில் எழுந்து வாசலை அப்படிக் கூட்டுவாள், மண் பறந்து எதிர்வீட்டுக்குப் போகும். "செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி கத்துக்கிட்டு என் சோத்தை நான் சாப்பிடுவேன்" என்று கல்யாண ஆல்பத்தைப் பார்த்துச் சொல்வாள், தட்டைப் பார்த்துச் சொல்வாள், யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான், அந்தக் கோபத்தைப் பார்த்தும் பயமாகத்தான் இருந்தது, இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிக் காலம் தள்ளுவாள் என்று. ஆனால் அந்தக் கோபம் வீட்டில் இருந்தவரை, நாய் காவல் இருக்கிற வீட்டில் தூங்குவது போல நான் தூங்கினேன்.

மெஷினைப் பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். வண்டியில் இடிபட்டதில் ஒரு கால் வளைந்திருந்தது. போட்டால் தண்ணீர் பிடித்தது, துணியைப் புரட்டியது, தண்ணீரை வெளியே விட மட்டும் மறுத்தது. பிழியச் சொன்னால் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போலக் குதித்துக் குதித்து நகர்ந்து, ஒயர் எட்டுகிற தூரம்வரை போய் நின்றது. வளைந்த காலுக்குக் கீழே செங்கல் வைத்துப் பார்த்தேன், பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்துப் பார்த்தேன். துணிகள் அழுக்குத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன, சிந்துஜா புருஷன் வீட்டிலிருந்து கட்டி வந்த துணிகள் அத்தனையும்.

மெக்கானிக் சகாயராஜ் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறான், வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசுவான். காலைத் திருகிச் சமன் செய்தான், மூடியின் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தான், பின்னால் போய்த் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பிடித்து நிமிர்த்தினான். பிறகு அடியில் கையை விட்டு வடிகட்டியைக் கழற்றி, அதில் சிக்கியிருந்த தலைப்பின்னையும் மண்டி ரப்பர் பேண்டையும் வளையல் துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் வைத்தான்.

"இவ்வளவு அடைச்சிருந்தா அது எங்கக்கா மூச்சு விடும்?" என்று சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டினான்.

தண்ணீர் வந்தது. செங்கல் நிறத்தில் வந்தது, ஆவி பறக்க வந்தது, இருபது வீட்டு வரமிளகாயை ஒரே சட்டியில் வறுத்தது போல ஒரு நெடியோடு வந்தது. நான் தும்மினேன், சகாயராஜ் தும்மினான், காம்பவுண்டின் நடுவே ஓடும் சாக்கடையில் அந்தத் தண்ணீர் போன வழியெல்லாம் வீடு வீடாகத் தும்மல் போனது.

"பழைய அழுக்கு. ரெண்டு தடவை போட்டா சரியாயிடும்" என்று கிளம்பினான்.

சாயங்காலம் துணி காய்ந்தது. சிந்துஜா அதில் ஒரு சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்க லட்சுமி நிறைமாசமா இருந்துச்சும்மா. கன்னு போட்டிருக்குமா?"

லட்சுமி அவள் மாமியார் வீட்டுப் பசு.

மனசு ஆறுகிறது போலிருக்கிறது, ஆறட்டும் என்று நான் நினைத்தேன். மறுநாள் என் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையைப் போட்டோம். அன்றிலிருந்து அவர் எல்லா வண்டிக்கும் வழி விட்டார், எதிரே வருகிற லாரிக்கு விட்டார், பின்னால் வருகிற ஆட்டோவுக்கு விட்டார், ஆட்டைக் கண்டால் நின்று அது யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தார், மினி பஸ் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வந்து, "பாவம், கோகுலகண்ணனுக்கும் ஏதோ டென்ஷன் இருந்திருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மெஷின் மேல் சந்தேகம் வந்தது. நான் கட்டுவது சாயம் போகிற சுங்குடிச் சேலை, மற்ற துணியோடு சேர்த்தால் எல்லாவற்றையும் கெடுக்கும் என்று கல்லில்தான் அடித்துத் துவைப்பேன், அதனால் என் துணி ஒன்றுகூட அந்த மெஷினுக்குள் போகவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் இன்னும் அவனை நினைத்தால் பல்லைக் கடிக்கிறவளாக இருந்தேன்.

விஷயம் காம்பவுண்டுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. எங்கள் அடுத்த வீட்டு மரகதம் குழாயடிச் சண்டைக்குப் பேர் போனவள், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தால் கார்ப்பரேஷன் தண்ணீரே கொஞ்சம் ஒதுங்கி வரும். அவள் புருஷன் ஒரு நாள் தன் வேட்டியோடு அவள் சேலை ஒன்றையும் கமுக்கமாக எங்கள் மெஷினில் போட்டுவிட்டுப் போனான். மறுநாள் மரகதம் குழாயடியில் நின்று, "நீ பிடிச்சுக்கோ மதினி, எனக்கென்ன அவசரம்" என்று சொன்னாள், நின்றவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதன் பிறகு பின்கட்டில் வரிசை நின்றது. மெஷினுக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம் போட்டார்கள், பூ ஈரத்தில் அழுகக்கூடாது என்று மூடியின் மேல் ஒரு தட்டு வைத்து அதில் போட்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள், பிறகு அடுத்த வார்டிலிருந்து வந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று பார்த்ததில் ஒன்று கண்டேன்: தன் துணியை யாரும் கொண்டுவரவில்லை. புருஷன் பெண்டாட்டி துணியைக் கொண்டுவந்தான், பெண்டாட்டி புருஷன் துணியைக் கொண்டுவந்தாள், மாமியார் மருமகள் துணியையும் அண்ணன் பங்கு கேட்கிற தம்பி துணியையும் கொண்டுவந்தார்கள், காம்பவுண்டு சொந்தக்காரர் மாசிலாமணி வாடகைக்காரர்கள் எல்லோருடைய துணியையும் தானே ஆள் வைத்து வாரிக்கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டு வாடகையை ஏற்றினார், தண்ணீர் மோட்டாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். எல்லோரும் சரிங்கண்ணாச்சி என்றார்கள்.

போன கோபம் எல்லாம் சாக்கடையில்தான் போனது. காம்பவுண்டைத் தாண்டி ரோட்டோரம் போகிற இடத்தில் நாய்கள் அந்தத் தண்ணீரை நக்கிவிட்டு ஒன்றையொன்று கடித்தன, அங்கே டீக்கடை வைத்திருந்தவர் சர்க்கரை கேட்டவர்களிடம் எல்லாம் சண்டைக்குப் போனார், பிறகு அங்கே சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். மழை பெய்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கும் பழகிவிட்டார்கள்.

நான் சகாயராஜைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"தம்பி, இந்த மெஷின்ல கோபம் போயிடுதுப்பா" என்றேன்.

அவன் ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தான். "எப்பப் போகுது? ஊறும்போதா, தண்ணியை விடும்போதா, பிழியும்போதா?"

"எனக்கென்னப்பா தெரியும்?"

"தெரியாம எப்படிக்கா? ஊறும்போது போனா போர்டு. விடும்போது போனா மோட்டார். பிழியும்போது போனா ராடு." அவன் முதுகுத் தகட்டைக் கழற்றிப் பச்சைப் பலகையை எடுத்துத் துடைத்தான், மோட்டாரை மாற்றினான், தொட்டி தொங்குகிற கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான், வியர்த்து விறுவிறுத்துப்போய், "இப்ப ஓட்டிப் பாத்துருவோம்" என்று சோதிக்கிறதற்குத் தன்னுடைய எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி உள்ளே போட்டான். நான் தம்பி தம்பி என்று கத்துவதற்குள் மூடியைச் சாத்திவிட்டான். சட்டை வெளியே வந்ததும் உதறிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், அப்படி ஒரு சாந்தமான சிரிப்பு.

"நல்லாத்தானே ஓடுதுக்கா. இதை எதுக்குப் போய் நோண்டிக்கிட்டு?"

வேறு ஒருவனைக் கூட்டிவந்தேன். அவன் பனியனைப் போட்டுச் சோதித்தான், அவனும் அதையே சொன்னான். கம்பெனிக்குப் போன் செய்தேன், டை கட்டிய ஒரு பையன் வந்தான், அவன் தன் துணி எதையும் கழற்றவில்லை, அந்த மட்டும் புத்திசாலி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். "மேடம், துணியில இருந்து அழுக்குப் போகலைன்னா அது எங்க குறை. கூடுதலா ஒண்ணு போகுதுன்னா அதைக் குறைன்னு எழுத முடியாது" என்று சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் மரகதத்திடம் தன் மேனேஜரின் சட்டையைக் கொண்டுவந்தால் போட்டுத் தருவீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், மரகதம் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தாள். தண்ணீர்க் குழாயைக் கழற்றினேன், குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "ஜெயக்கொடி மதினிக்கு மட்டும்தான் இன்னும் மனசு அடங்கலை, அவங்க சேலையையும் ஒரு நாள் போட்டுரணும்" என்று என் காதுபடவே பிரியமாகப் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காயப்போட்ட சேலைக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சிந்துஜாவின் துணிகளை ஒளித்து ஒளித்துக் கல்லில் துவைத்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கொஞ்சம் சாக்கடைத் தண்ணீரை வாளியில் பிடித்து அவள் துப்பட்டாவை முக்கியும் பார்த்தேன். துப்பட்டாவைப் போட்டதும் அவள் முகம் சிவந்தது, ஐயோ சாமி என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன், ஆனால் அவள் முற்றத்துக்குப் போய், "என் கிரைண்டரை வாங்கிட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு, கல்லைத் தேய்ச்சுத் திருப்பிக் குடுக்கிறியாடி?" என்று தனக்குத் தெரியாத யாரையோ வைதாள், வைது முடித்துத் தலைவலி என்று படுத்தாள். அந்தத் தண்ணீரில் ஊர்க் கோபம் எல்லாம் கலந்து கிடந்தது, அதில் என் பெண்ணின் கோபத்தை நான் எங்கே போய்ப் பொறுக்குவேன்.

ஒட்டன்சத்திரத்துக்கு எப்படித் தெரிந்ததோ, சேதி வந்தது. சம்பந்தியம்மா நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள், பெண்ணையும் சாமானையும் வளர்பிறையில் அழைத்துக்கொண்டு போவதாக. அவள் அப்பா போகட்டும் என்றார். காம்பவுண்டே போகட்டும் என்றது. சிந்துஜா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "வரட்டும்மா" என்றாள்.

"உனக்குக் கோபம் வரலையாடி?"

"எதுக்கும்மா?"

"விரலு."

அவள் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அது மடங்காது, எப்போதும் யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது போல நீட்டிக்கொண்டே இருக்கும். "ஆமா, ஒடிஞ்சது. மழைக்கு வலிக்கும்."

"ஒடிஞ்சதா, ஒடிச்சானா?"

"ஒடிச்சார்" என்றாள், பழனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவருக்குச் சொல்வது போல. எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவரைக்காய்கூட ஞாபகம் இருந்தது. சூடு மட்டும் இல்லை.

அன்று நான் கல்லில் உட்கார்ந்து யோசித்து யோசித்துக் கடைசியில் எனக்கு ஒன்று புரிந்தது. மரகதத்துக்கு வாரம் ஒருதரம் புதுசாகக் கோபம் வரத்தான் செய்கிறது, அவள் புருஷன் வாரம் ஒருதரம் சேலையைத் தூக்கி வருகிறான். அப்படியென்றால் புதுக் கோபம் வரும். ஆனால் அதற்குப் புதுசாக ஒன்று நடக்க வேண்டும். என் பெண்ணுக்குக் கோபம் வர வேண்டுமானால் அவள் அங்கே போய், இன்னொரு விரலைக் கொடுக்க வேண்டும். அந்தக் கோபத்தோடும் திரும்பி வர முடியாது, மெஷினும் சீரோடு சீராக அவள் பின்னாலேயே அந்த வீட்டுக்குப் போயிருக்கும், அங்கேயே துவைத்துவிடுவார்கள்.

வந்தார்கள். காரில் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும், பின்னால் காலி லோடு ஆட்டோ. பூவும் பழமும் தட்டில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் வாசல்வரை போய் "வாங்க மாப்பிள்ளை" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார், அவன் விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. இவனுடைய சட்டையையும் அந்த மெஷினில் போட்டுவிட்டால் போதும். காபியைக் கொண்டுபோய் நீட்டுகிறது போல நீட்டி அப்படியே அவன் மேல் ஊற்றினேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. டம்ளர் பிடித்த என் மணிக்கட்டைப் பிடித்தான், பிடித்துக்கொண்டு சிரித்தான், எலும்பு இருக்கிற இடம் எது என்று தேடித் தேடி அழுத்தினான். "பாத்து அத்தை" என்றான்.

"கழட்டுங்க மாப்பிள்ளை, மெஷின்ல போட்டு இப்பவே தந்துடறேன்."

"ஐய, கஞ்சி போட்ட சட்டைங்க சம்பந்தியம்மா, அவன் துணியெல்லாம் சலவைக்குத்தான் போடறது, மெஷின்ல போட்டா மடிப்பு நிக்காது" என்றாள் அவன் அம்மா. "சின்ன வயசுல இருந்து அப்படித்தான். கார்ல வேற சட்டை இருக்கு, போயி மாத்திட்டு வா கண்ணு."

மாற்றிக்கொண்டு வந்து அதே மடிப்போடு உட்கார்ந்தான். ஆட்டோக்காரர் பின்கட்டுக்குப் போய் மெஷினைக் கயிற்றால் கட்ட ஆரம்பித்தார், காம்பவுண்டுக்காரர்கள் அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக நின்றார்கள். மரகதம் வாசலில் நின்று, "போய்ட்டு வா தங்கம், மெஷினை அடிக்கடி அனுப்பி வை" என்றாள். சிந்துஜா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பெட்டியை வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று சம்பந்தியம்மா சொன்னாள்.

நான் நடுக்கூடத்தில் நின்று சொன்னேன்.

"சம்பந்தியம்மா, தப்பெல்லாம் எங்க பக்கம்தான். இவளைச் செல்லம் குடுத்துக் கெடுத்து உங்க தலையில கட்டினேன். போனைக் கேட்டா குடுக்க வேண்டியதுதானே? மாப்பிள்ளை விரலை ஒடிச்சதுல குத்தமே இல்லை."

சிந்துஜா என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதை மறந்துபோய் முகத்தில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. "என்னம்மா சொன்ன?"

முதல் தடவை சொன்னது எப்படியோ வந்துவிட்டது. இரண்டாம் தடவை சொல்கிறதுதான் பெரிய பாடு. நான் அவள் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். "குத்தமில்லைன்னேன். கையையே ஒடிச்சிருந்தாலும் நான் வந்து கேட்டிருக்க மாட்டேன். இங்க வந்து உக்காந்து எங்க மானத்தை வாங்கினதுதான் மிச்சம். கூட்டிட்டுப் போங்க சம்பந்தியம்மா, அடங்கலைன்னா இன்னும் நாலு போடுங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சம்பந்தியம்மா தொடையைத் தட்டினாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினான். என் வீட்டுக்காரர் யாருக்கும் வருத்தமில்லாமல் புன்னகை செய்தார். கடவுளே, பலிக்காவிட்டால் இவர்களுக்கு என் வாயாலேயே அனுமதி கொடுத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே சிந்துஜாவின் முகத்தைப் பார்த்தேன். சிந்துஜா அசையாமல் நின்றாள். நின்றாள். பிறகு அவள் காதுமடல் முதலில் சிவந்தது.

"நீயா?" என்றாள்.

"நான்தான். போடி, பெட்டியை எடு."

"பெத்தவ நீ சொல்றியா? கட்டுப் போட்ட கையில நீதானே சோறு ஊட்டின? அந்த வாயால இதைச் சொல்றியா?" குரல் ஏறியது, உத்தரத்தில் பட்டு இறங்கியது. "உன்னை நம்பித்தானே வந்தேன்!"

"யாரு உன்னை வரச் சொன்னா?"

அவள் பெட்டியை எடுத்தாள். எடுத்து என்னைத் தாண்டி நடந்தாள். "நீ அனுப்பற இடத்துக்கு நான் போவேன்னு நினைச்சியா? இவங்க வீட்டுக்கும் போக மாட்டேன், உன் வீட்டுலயும் இருக்க மாட்டேன். நடுரோட்டுல கிடப்பேன், உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

கோகுலகண்ணன் எழுந்து அவள் கையைப் பிடித்தான். அவள் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள், இப்போதுதான் முதல்முறை பார்க்கிறவள் போல உற்றுப் பார்த்தாள். "எடுங்க" என்றாள். அவன் எடுக்கவில்லை. "எடுறா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார், வாசலில் நின்ற காம்பவுண்டு முழுக்க, எவ்வளவோ நாளாகக் கேட்காத அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயைப் பிளந்தது. அவன் எடுத்துவிட்டான்.

அன்று மத்தியானமே திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள். கூடப் படித்த பெண் ஒருத்தி அங்கே விடுதியில் இருக்கிறாள். இப்போது ஒரு கம்பெனியில் எம்ப்ராய்டரி மெஷின் ஓட்டுகிறாளாம், விடுதியில் வாளியில்தான் துணி துவைக்கிறாளாம், அதைக் கேட்டு நான் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். சம்பந்தி வீட்டார் காலி ஆட்டோவோடு போனார்கள், பெண் இல்லாமல் மெஷின் எதற்கு என்று அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளே அதற்குப் பூப் போட்டு வரிசையில் நின்றார்கள். நான் தடுக்கவில்லை, தடுத்து என்ன ஆகிறது.

அவள் என்னோடு பேசுவதில்லை. அப்பாவுக்குத்தான் போன் வரும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் ஆறிவிடும். ஆறிவிட்டால், சம்பந்தியம்மா அடுத்த வளர்பிறைக்கு விடுதி வாசலில் பழத்தட்டோடு நிற்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்?

போன அவசரத்தில் அவள் கொடியில் ஒரு சுடிதாரை விட்டுவிட்டுப் போயிருந்தாள், கடுகுப் பூ நிறத்தில், அதற்கு முந்தின நாள் உடுத்திக் கழற்றியது, இன்னும் துவைக்காதது, காய்ந்த வியர்வையும் தேங்காயெண்ணெயும் வாசம் அடிக்கும். என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்கு மெஷின் நம்ம முறை. இதை ஒரு தடவை போட்டா, பிள்ளை உன்கூடப் பேசிடும் ஜெயக்கொடி."

அவர் சொன்னது நிஜம், ஆள் எங்கே இருந்தாலும் அவரவர் உடம்பில் பட்ட துணி ஒன்று இருந்தால் போதும் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து போட்டுப் பட்டனைத் தட்டினால் போதும். தண்ணீர் சிவப்பாகப் போகும், ஒரு தும்மல், அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் போன் அடிக்கும், அம்மா என்பாள். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கி, முகத்தில் ஒருதரம் வைத்துக்கொண்டு, அப்படியே மடித்துக் கண்ணாடி உடைந்த பீரோவில் அடித்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நேற்றுக்கூடப் போன் வந்தது. அவர் பேசினார், நான் கதவோரமாக நின்றேன். மழை உண்டா, வேலை எப்படி, விரல் வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு வழக்கம் போல, "அம்மா இங்கதான் நிக்கிறா, குடுக்கவா?" என்றார்.

"வேண்டாம்" என்றது போன், எனக்கே கேட்கும்படி, சுள்ளென்று.

நான் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "சாப்பிட்டாளான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."